பொன்னாத்தாளின் ப்ளேன் கம்பெனி

"நூல் பிசிறு வெட்டறவளுக்கு ப்ளேன் கம்பெனி ஷேர் கேக்குதாக்கும்!"

மாரக்காள் சொன்னதும் செக்கிங் டேபிளே சிரித்தது. பொன்னாத்தாள் கையிலிருந்த பனியனைப் போட்டுவிட்டு முதலாளி அறைக்கு நடந்தாள்.

நாச்சிமுத்துவின் மேஜைமேல் பேப்பர் விரிந்து கிடந்தது. விமானக் கம்பெனி மூடப்பட்ட செய்தி முதல் பக்கத்திலேயே இருந்தது.

"நெசந்தானுங்களா முதலாளி? என்ர பதினாறாயிரமும்..."

"போச்சு பொன்னாத்தா." அவர் தலை நிமிரவில்லை.

போன வருசம், தொண்ணூற்றைந்தில், இதே அறையில் அவர்தான் அடித்துச் சொன்னார். "கப்பலைத் தவற உட்டா சரக்கை ப்ளேன்ல அனுப்பறோம். ஒரு பனியனுக்கு நமக்கு நிக்கறது ரெண்டு ரூபா. ப்ளேன்காரன் வாங்கற கூலி இருபது. அவன் எப்படி நட்டப்படுவான்? பணத்தைக் குடு, ஷேர் வாங்கிப் போடறேன்."

திருப்பூரில் பாதிப் பேர் அப்படித்தான் நம்பினார்கள். சீமைக்குச் சரக்கு தூக்குகிறவன் வேறு, மெட்ராசுக்கும் பம்பாய்க்கும் ஆள் ஏற்றுகிற இவன் வேறு என்று யாருக்கும் தோன்றவில்லை.

மகளின் சீருக்கென்று பதினோரு வருசம் சேர்த்ததை முந்தானையில் முடிந்து வந்து கொடுத்தாள் பொன்னாத்தாள்.

"அழாதே. நம்ம நேரம் சரியில்லை."

"காசுக்கு அழலீங்க. நீங்களும் போட்டிருப்பீங்க, உங்களுக்கும் நட்டந்தானுங்களே. மாப்பிள்ளை ஊட்டுலதான், 'உங்கம்மா எவனுக்கோ குடுத்துப்போட்டு ஷேருங்கறா'ன்னு பேசிப்போட்டாங்க. கட்டிக் குடுத்த புள்ளையக் கொண்டாந்து உட்டுட்டுப் போயி ஒம்பது நாளாச்சுங்க."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த ஷேர் பத்திரத்தைக் குடுங்க சாமி. ஒருக்காக் காட்டிப்போட்டா கூட்டிக்குவாங்க."

நாச்சிமுத்து பேப்பரை மடித்து ஓரமாய் வைத்தார்.

"பத்திரம்... கோயமுத்தூர் புரோக்கர்கிட்ட இருக்குது. கொஞ்ச நாள் பொறு. வரவழைச்சுத் தர்றேன்."

"நீங்க நல்லா இருக்கோணுங்க."

கும்பிட்டுவிட்டுப் போனாள். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். போனை எடுத்தார்.

"அந்த ப்ளேன் கம்பெனி ஷேர், நானூறு வாங்கோணுமுங்க."

மறுமுனையில் புரோக்கர் சிரித்தார்.

"ஏனுங்க, வெளையாடறீங்களா? போன வருசம் நாப்பது ரூபா இருக்கறப்ப நான் சொன்னதுக்கு, 'ஏர்ல சரக்கனுப்பற கூலிக்கே பதினாறாயிரம் கொறையுது, ஷேர் எங்க வாங்கறது'ன்னீங்க. இன்னிக்கு ஒண்ணேகால் ரூபாய்க்குக்கூட சீந்த ஆளில்லீங்க. செத்த கம்பெனிய வாங்கி என்ன பண்றது?"

"வாங்குங்க. எம் பேருக்கு வேண்டாம்."

"பின்ன ஆரு பேருக்குங்க?"

நாச்சிமுத்து குரலைத் தாழ்த்தினார்.

"பொன்னாத்தாள்னு போடுங்க."