போகாத புள்ளி

"மேடம், உங்க லேசர் என் கேமராவுக்குள்ளயே குடி வந்துடுச்சுங்க. சென்சரை மாத்தியும் கறுப்புப் புள்ளி போகலை."

ஜமீர் கேமராவை மேசைமேல் வைத்தான். நல்லம்பள்ளியில் சின்ன ஸ்டுடியோ வைத்திருப்பவன். நான்கு நாளைக்கு முன், இந்தக் கல்லூரியின் லேசர் ஆய்வகத் திறப்பு விழாவைப் படமெடுக்க வந்து, சென்சரைப் பொசுக்கிக்கொண்டு போனான். பேராசிரியை சோபனாவுக்கு அந்த அதிர்ச்சியே இன்னும் தீரவில்லை.

"கண்ணுக்கே தெரியாத வெளிச்சம் எப்படிங்க பொசுக்கும்?"

"அகச்சிவப்புக் கதிர், தெரியாது. சென்சர் ஒரு செமிகண்டக்டர். சாதாரணமா இந்த ஒளியை அவ்வளவா கண்டுக்காது. விட்டு விட்டு வர்ற லேசர் பல்ஸ் ரொம்ப வலுத்துட்டா, ரெண்டு மடங்கு ஒளிக்கு நாலு மடங்கு விழுங்க ஆரம்பிச்சுடும். அப்புறம் தாங்காது."

"எங்க மாமு பிரியாணிப் பந்தியில உக்காந்த மாதிரின்னு சொல்லுங்க."

சொன்னானே தவிர, அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

"நாளைக்குக் கம்பைநல்லூர்ல கல்யாணங்க. பொண்ணு மூஞ்சியில புள்ளியோட ஆல்பம் குடுத்தா, அப்புறம் எவன் கூப்பிடுவான்? வேற தொழிலும் எனக்குத் தெரியாது."

சோபனா கேமராவை எடுத்துச் சுவரைப் படம் பிடித்தாள். திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். படம் பளிச்சென்று இருந்தது.

"புள்ளியே இல்லையே."

"படத்துல இல்லைங்க. கண்ணை வெச்சுப் பாக்கற ஓட்டையில. நட்டநடுவுல இருக்குது, பாருங்க."

பார்த்தாள். இல்லை. அவன் வாங்கிப் பார்த்தான். இருக்கிறது என்றான். துடைத்தார்கள், லென்ஸை மாற்றினார்கள். அவளுக்கு இல்லை, அவனுக்கு இருந்தது.

"நான் என்ன பொய்யா சொல்றேன்?" ஜமீருக்குக் கோபமே வந்துவிட்டது.

"சென்சர்ல கோளாறு இருந்தாலும் அந்த ஓட்டையில தெரியாது ஜமீர். லென்ஸ்ல வர்ற வெளிச்சம் அந்த வழியா நேரா உங்க..."

பாதியில் நிறுத்தினாள்.

"அன்னைக்கு எல்லாருக்கும் சேஃப்டி கிளாஸ் குடுத்தோமே, போட்டிருந்தீங்கதானே?"

"அதைப் போட்டா ஃபோகஸ் பண்ண முடியலைங்க. கழட்டிப் பாக்கெட்ல வெச்சுக்கிட்டேன்."

"கேமராவைக் கீழ வைங்க. இடது கண்ணை மூடிக்கிட்டு என்னைப் பாருங்க."

பார்த்தான்.

"மேடம்," என்றான் மெதுவாக, "உங்க மூஞ்சியைக் காணோமுங்க."