டவுன் பஸ் கண்ணாடி

கதவு சாத்தியிருந்தது. அதற்கு மேலே இருந்த சின்ன ஜன்னல் மட்டும் திறந்து கிடந்தது.

அவ்வளவு பெரிய பல்கலைக்கழகம். நேர்காணல் அறையில் ஏசி ஓடவில்லை.

அதனால் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளுக்கு உள்ளே பேசுவதெல்லாம் கேட்டது.

இயற்பியல் துறையில் ஒரே ஓர் இடம். நிரந்தர வேலை. விடுமுறை விடுகிற மே மாதமும் சம்பளம் வரும்.

மணிக்கணக்குச் சம்பளத்துக்கு இரண்டு கல்லூரிகளுக்கு நடுவே டவுன் பஸ்ஸில் அலைகிற இவளைக் கேட்டால் மே மாதம் என்றால் என்னவென்று சொல்வாள். வயது வரம்பும் இந்த ஆண்டோடு முடிகிறது. இதை விட்டால் அடுத்தது இல்லை.

உள்ளே இருந்தது பேச்சியம்மாள். இவளிடம் மூன்று வருடம் படித்தவள். காலையில் இவளைப் பார்த்ததும் பதறி எழுந்து இந்த நாற்காலியைக் கொடுத்தாள். போட்டிக்கு வந்த இடத்தில் மரியாதையைப் பார் என்று இவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

எல்லாருக்கும் ஒரே தலைப்பு. ஒத்ததிர்வு. ஐந்து நிமிடம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும்.

"ஸ்டாப்ல நிக்கிற டவுன் பஸ்ஸ நெனச்சுக்கோங்க..."

இவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

இன்ஜின் உறுமுகிறது. எத்தனையோ ஜன்னல் கண்ணாடிகள். ஒன்று மட்டும் கிடுகிடுவென்று ஆடுகிறது. இன்ஜின் துடிக்கிற வேகமும் அந்தக் கண்ணாடி துடிக்கிற வேகமும் ஒன்று. பஸ் கிளம்பி வேகமெடுத்தால் அது அடங்கிவிடும்.

இவளுடைய பஸ். இவளுடைய கண்ணாடி. இரண்டு கல்லூரிகளுக்கும் நடுவே, கம்பியைப் பிடித்து நின்றபடி இவள் கண்டுபிடித்தது. எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடையாது.

அடுத்து இவள்தான். கையிலிருந்த ஒரே நல்ல சரக்கு உள்ளே போணியாகிக்கொண்டிருந்தது.

கோபம் வந்தது. வந்த வேகத்தில் போகவும் செய்தது. அந்தப் பெண்ணுக்கு ஒத்ததிர்வு என்றாலே அந்த பஸ்தான். அப்படிச் சொல்லிக்கொடுத்தது யார்?

"இப்ப அந்தக் கண்ணாடில கைய வைங்க. அடங்கிரும். அந்த ஆட்டமெல்லாம் உங்க கைக்குள்ள வந்து தீந்துபோவுது."

இது இவள் சொல்லிக்கொடுத்ததல்ல.

இத்தனை வருடம் அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். கை வைத்துப் பார்க்கத் தோன்றவே இல்லை.

தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பெருமைதான், வேறென்ன.

பேச்சியம்மாள் வெளியே வந்தாள். இவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே போய் சாக்பீஸைக் கையில் எடுத்தாள். வேறு உதாரணம் சொல்லலாம். ஊஞ்சல் இருக்கிறது, பாலம் இருக்கிறது. எல்லாரும் சொல்வதுதான்.

டவுன் பஸ்ஸையே சொன்னாள். கண்ணாடியில் கை வைப்பது வரைக்கும் சொன்னாள்.

குழுத் தலைவர் பேனாவை மூடி வைத்தார்.

"இப்பதானே அந்தப் பொண்ணு இதையே சொல்லிட்டுப் போச்சு. வெளியில இருந்து கேட்டீங்களாம்மா?"

"கேட்டேன் சார்."

இவள் திறந்து கிடந்த ஜன்னலைப் பார்த்தாள். அந்தப் பக்கம் பேச்சியம்மாள் நின்றுகொண்டிருப்பாள்.

கடைசி பெஞ்சுக்கும் கேட்கட்டும் என்று வகுப்பில் பேசுகிற குரலை எடுத்தாள்.

"கண்ணாடில கை வைக்கிறது மட்டும் அவளோடது சார்."