காலையில் இருந்தபடியே

“எப்பிடியாவது இதை எழுப்பு, பிள்ளை. காலில வேணுமெண்டாலும் விழுறன்,” என்றார் கதிரவேல். திருகோணமலைத் துறைமுகத்தில் ஐந்து பலநாள் படகுகளுக்கும் ஒரு மீன் ஏற்றுமதிக் கந்தோருக்கும் முதலாளி அவர். யாரிடமும் கெஞ்சிப் பழகாத மனிதர், மகள் வயதுப் பெண்ணிடம் கெஞ்சிக்கொண்டு நின்றார்.

அந்தக் கந்தோரின் கம்பியூட்டர்களுக்குப் பொறுப்பானவள் அம்ரா. அவர் கூப்பிட்டதும் பக்கத்து லிங்கநகரிலிருந்து பறந்து வந்திருந்தாள். படகுகளைக் காட்டும் திரை உறைந்துபோய்க் கிடந்தது.

கதிரவேலின் ஒரே மகன் கோகுலன் போன படகிலிருந்து முந்தாநாள் முதல் ஒரு தகவலும் இல்லை. தேடப் போக ஆட்கள் தயாராக இருந்தார்கள். அவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான்: படகு எந்த இடத்தில் நிற்கிறது?

அந்த இடம் எப்போது தெரிய வந்தாலும் இந்தச் சேர்வரில்தான் தெரிய வரும். படகிலிருக்கும் கருவி அனுப்புவதும் இங்கேதான் வரும், றேடியோவில் கேட்பதை றேடியோ அறையில் இருக்கும் அபூதாஹிர் தட்டி வைப்பதும் இங்கேதான். கடதாசிக் கொப்பிகளை எல்லாம் கதிரவேல் எப்போதோ தூக்கி எறிந்துவிட்டார்.

முன்பு பின்னறையில் நாலு சேர்வர்கள் இரைந்துகொண்டிருந்தன. கணக்குக்கு ஒன்று, ஐஸ் அறைக்கு ஒன்று, ஏற்றுமதிக்கு ஒன்று, படகுகளுக்கு ஒன்று. அம்ரா வந்து நாலையும் ஒரே பெட்டிக்குள் குடிவைத்தாள். உள்ளே ஒவ்வொன்றும் தனித்தனி மெஷின் போலவே வேலை செய்தது, கரண்ட் பில்லோ பாதியாகக் குறைந்தது.

போன மாதம் ஏற்றுமதிச் சேர்வர் குழம்பியபோது, முதல்நாள் சேமித்து வைத்த நிலைக்கு அதை அப்படியே திருப்பிவிட்டாள். கதிரவேலின் தேத்தண்ணி ஆறுவதற்குள் எல்லாம் சரி. அதன்பிறகு அவர் துறைமுகம் முழுக்க அவளைப் புகழ்ந்து திரிந்தார்.

“மற்ற மூண்டுக்கும் ஒண்டும் இல்லை ஐயா, படகுச் சேர்வர்தான் பழுது,” என்றாள் அம்ரா. “விடிய எடுத்து வைச்ச நிலைக்குத் திருப்பினா இப்பவே எழும்பும். ஆனா அதுக்குப் பிறகு வந்தது ஒண்டும் இராது.”

“வேற வழி?”

“இப்ப கிடக்கிறதையும் ஒரு பிரதி எடுத்து வைச்சிட்டுத் திருப்பலாம். பெட்டியில இடம் காணாது. வேற டிஸ்க் வாங்கிக்கொண்டு வந்து எடுத்து முடிக்கப் பின்னேரம் ஆகிடும்.”

“பின்னேரம் மட்டும் நான் கண்ணைக் கட்டிக்கொண்டு இருக்கிறதா? இந்த நேரத்துக்குள்ள அவன்ர கருவி கூப்பிட்டா ஆருக்குத் தெரியும்?”

“காலமையில இருந்து ஏதும் வந்ததா ஐயா?”

“வரேல்லை. விடியத் தொடக்கம் இதுக்கு முன்னாலதான் இருந்தனான். சல்லி அம்மன் கோயிலுக்குப் போய் வந்த நேரம்தான் இல்லை. திரும்பி வரேக்க இது உறைஞ்சு கிடந்தது.”

“அபூதாஹிர் நானாட்டயும் ஒருக்காக் கேப்பம்.”

றேடியோ அறைக் கதிரை காலியாக இருந்தது. “வெள்ளிக்கிழமையெல்லே பிள்ளை, தொழப் போயிருப்பார்,” என்றார் கதிரவேல். அம்ராவுக்கும் அது சரியாகவே பட்டது. வெள்ளி மத்தியானம் காணாமல் போன முஸ்லிம் ஆணை இந்த ஊரில் யாரும் தேடுவதில்லை.

“ஐயா, திருப்பின பிறகு இப்ப உள்ளதை எடுக்கவே ஏலாது. விளங்குதா?”

“எல்லாம் விளங்குது. அமத்து.”

அவள் விசையை அமத்தினாள். திரை ஒருமுறை கறுத்து, பிறகு நீலக் கடலாக விரிந்தது. மூன்று படகுகள் புள்ளிகளாக நகர்ந்தன, ஒன்று இறங்குதுறையில் நின்றது, கோகுலனின் படகு முந்தாநாள் நின்ற இடத்திலேயே நின்றது.

கதிரவேல் அந்தத் திரையைப் பார்த்துக் கைகூப்பினார். “இனி வரும். இனி வந்தாத் தெரியும்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பார்க்கவே பாவமாக இருந்தது.

படிகளில் யாரோ ஓடிவரும் சத்தம். கதவைத் தள்ளிக்கொண்டு அபூதாஹிர் உள்ளே வந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது, உடம்பெல்லாம் டீசல் மணத்தது.

“தம்பி உசிரோட இருக்கார், முதலாளி,” என்றார் மூச்சு வாங்க. “நீங்க கோயிலுக்குப் போன கையோட றேடியோவில வந்தார். எஞ்சின் பழுதாம், கருவியும் வேலை செய்யல்லயாம், ஆக்களுக்கு ஒண்டும் இல்லையாம். பற்றரி முடியப்போகுது எண்டார், அதோட அறுந்து போச்சு.”

கதிரவேல் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்.

“உங்களுக்குப் போன் அடிச்சுப் பார்த்தன், எடுக்கல்ல. ஜும்ஆவுக்கும் போகல்ல, நேரா இறங்குதுறைக்குத்தான் ஓடினன். அங்க நிண்ட நம்மட படகுக்கு டீசல் அடிச்சாச்சு, ஆக்களும் ஏறிட்டாங்க. போற இடத்தைத்தான் கேட்டுக்கொண்டு நிக்கிறாங்க, அந்த நீட்டு இலக்கமெல்லாம் எனக்கு மனசில நிக்கல்ல.”

அம்ராவின் கை விசைப்பலகையிலேயே நின்றுவிட்டது. அபூதாஹிர் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, எழுதிக்கொள்ள உள்ளங்கையை விரித்துப் பிடித்தார்.

“தம்பி சொன்ன இடத்தை இந்தக் கம்பியூட்டரிலதான் தட்டி வைச்சிட்டு ஓடினன், வாசியுங்க முதலாளி.”