மஞ்சள் தொப்பிக்காரரின் குறுக்கு வழி

மஞ்சள் தொப்பிக்காரர் சட்டென்று சாலையை விட்டு விலகி, புதரைப் பிடித்துக்கொண்டு மேட்டில் நேராக ஏறியதை டீச்சர் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாள்.

மலைச்சாலை கொண்டை ஊசி வளைவுகளாகச் சுற்றிச் சுற்றி மேலே போகிறது. அத்தனை பேரும் நாக்குத் தள்ள அதில்தான் ஓடுகிறார்கள். இந்த மனிதர் மட்டும் ஒரு பெரிய சுற்றையே விழுங்கிவிட்டு மேல் சாலைக்குப் போய்விட்டார்.

"அடப்பாவி" என்றாள் டீச்சர். கேட்கப் பக்கத்தில் ஆளில்லை.

பரீட்சை ஹாலில் காப்பி அடிக்கிறவர்களைப் பிடித்துப் பிடித்துப் பழகிய கண் அது. நரைத்த தலையோடு அரை மாரத்தானில் காப்பி அடிக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறாள்.

ஆத்திரத்தைவிடப் பயம்தான் அதிகம். கெடு நேரத்துக்குள் உச்சியைத் தாண்டாதவர்களை ஏற்றிக்கொள்ள ஒரு வேன் பின்னாலேயே உறுமிக்கொண்டு வந்தது. போன வருஷம் அந்த வேனில்தான் கீழே போய்ச் சேர்ந்தாள். கணவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள, அவரைத் தனியாக விட மனசில்லாமல் அவளும் நின்றுவிட்டாள்.

இந்த வருஷம் அவர் கறாராகச் சொல்லிவிட்டார். "நான் என் வேகத்துல முன்னாடி போயிடுவேன். என்னைத் தேடாதே. உன் ஓட்டத்தை நீ ஓடு."

மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றே பழகிய கால் அவருக்கு. அவளுடைய முழங்காலோ ஒவ்வொரு அடிக்கும் முனகியது.

மேலே எங்கோ ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. 

அவராக இருக்குமோ? சே, அவர் இந்நேரம் மலையையே தாண்டியிருப்பார். ஆனாலும் அவரா என்று மனசு கேட்டுக்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தாள். வேன் இன்னும் நெருங்கியிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

உச்சியில் தண்ணீர் மேசை. அங்கே மஞ்சள் தொப்பிக்காரர் சாவகாசமாக முகம் கழுவிக்கொண்டிருந்தார். சட்டையை முள் கிழித்திருந்தது. முழங்கையெல்லாம் சிராய்ப்பு.

வேணும் நல்லா, என்று நினைத்துக்கொண்டே டீச்சர் நேராகப் பொறுப்பாளரிடம் போனாள்.

"சார், இவர் கீழ் வளைவுல பாதையை விட்டுட்டுக் குறுக்கால ஏறி வந்தார். நான் என் கண்ணால பார்த்தேன்."

மஞ்சள் தொப்பிக்காரர் திரும்பினார். பதில் சொல்ல வாயெடுத்தவர், டீச்சரை மேலும் கீழும் பார்த்தார். நீலச் சட்டையைப் பார்த்தார். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கிய கண்ணாடியைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"அப்படியாங்க?" என்றார் பொறுப்பாளர்.

"ஆமாங்க. ஏறினேன்."

"ஏங்க அப்படிப் பண்ணீங்க?"

"ஏறிட்டேங்க. விடுங்க."

"அப்ப நம்பரைக் கழட்டிக் குடுத்துடுங்க. விதி அப்படி."

 மஞ்சள் தொப்பிக்காரர் நெஞ்சில் குத்தியிருந்த ஊக்குகளைக் கழற்றி, நம்பர் சீட்டை மேசைமேல் வைத்தார்.

டீச்சருக்கு ஆம்புலன்ஸ் சத்தம் இன்னும் காதிலேயே இருந்தது. "சார், ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டுச்சே, யாருக்கு என்ன?" என்று பொறுப்பாளரிடம் கேட்டாள்.

அவர் வாயைத் திறப்பதற்குள் மஞ்சள் தொப்பிக்காரர் முந்திக்கொண்டார். "யாரோ காலேஜ் பையன்மா. கால் பிசகிடுச்சு, வேற ஒண்ணுமில்ல. நீங்க ஓடுங்க, வேன் வந்துடும்."

"நான் உங்களைக் கேட்கல" என்றாள் டீச்சர்.

ஆனாலும் மனசு லேசாகிவிட்டது. காலேஜ் பையன் என்றால் அவர் இல்லை. இறக்கத்தில் கால் தானாக ஓடியது.

கெடு முடியக் கொஞ்சமே நேரம் இருக்கும்போது முடிவுக் கோட்டைத் தாண்டினாள். கழுத்தில் பதக்கம் போட்டார்கள். கூட்டத்தில் கணவரைத் தேடினாள். எங்கேயும் காணோம். கடைசியில் முதலுதவிக் கூடாரத்துக்குள்ளிருந்து ஒரு கை ஆடியது. அவர்தான். காலில் பெரிய கட்டு, நெற்றியில் பிளாஸ்திரி.

டீச்சருக்கு உயிர் போய் உயிர் வந்தது. "ஏங்க, என்ன ஆச்சு?"

"முதல்ல பதக்கத்தைக் காட்டு." அதைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் மேலே சொன்னார். "வளைவுல கால் பிசகி ஓரமா உருண்டுட்டேன். தலை சுத்துது, கத்தக்கூட முடியல. கீழ்ச்சாலையில ஓடிட்டிருந்த ஒருத்தர் பார்த்துட்டு, முள்ளுன்னுகூடப் பார்க்காம நேரா ஏறி வந்துட்டார். மஞ்சத் தொப்பி போட்ட மனுஷன். அவர்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு ஏத்திவிட்டார்."

டீச்சர் கட்டிலின் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தாள்.

"அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிட்டேன். என் வீட்டுக்காரி பின்னால வர்றா, நீலச் சட்டை, கண்ணாடியைக் கயித்துல தொங்கவிட்டிருப்பா. தெரிஞ்சா போன வருஷம் மாதிரி பாதியிலேயே விட்டுட்டு வந்துடுவா. அவ காதுக்கு மட்டும் போகக்கூடாதுன்னு கையைப் பிடிச்சுக் கேட்டேன். சரின்னார்."

டீச்சர் கழுத்தில் தொங்கிய கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"இப்பதான் வந்து பார்த்துட்டுப் போனார். யாரோ புகார் பண்ணி நம்பரைப் பிடுங்கிட்டாங்களாம். யாருன்னு கேட்டா சிரிக்கிறார். எனக்குத்தான் மனசு ஆறல. ஒருத்தர் விழுந்துட்டார், தூக்கப் போனேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பாங்க. அந்த இடத்துல அந்த மனுஷன் ஏன் பேசாம நின்னார்னுதான் எனக்குப் புரியல."