பசை இறுகும் நேரம்

ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலை கேமரா செய்கிறது. பசை தடவி மூடி பொருத்தும் வேலையை இப்போது இயந்திரக் கைகள் பார்க்கின்றன. ஒவ்வொரு கையும் ஒரு தொழிலாளியைப் பார்த்து வேலை பழகியது. நான்காவது கை என் மனைவி மங்கையர்க்கரசியிடம் வேலை பழகியது. அவள் இறந்தது போன மழைக்காலத்தில்.

மூடியை வைக்குமுன் அவள் குனிந்து, தூசி போக லென்ஸை ஊதுவாள். முகக்கவசம் போட்டிருக்கும்போதும் ஊதுவாள். எவ்வளவு திட்டினாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. கைக்கு மூச்சு கிடையாது. ஆனாலும் குனிந்து, சற்று நின்று, பிறகுதான் மூடுகிறது.

புதிய மேலாளர் அதைக் கவனித்துவிட்டார்.

"இது மட்டும் ஏன் நிக்குது? அந்த நிக்கறதை எடுத்துடுங்க."

லைன் லீடர் ஷகிலா அக்கா முந்திக்கொண்டார்.

"பசை கொஞ்சம் இறுகணும் சார்."

"மத்த கையெல்லாம் நிக்கலையே?"

"அதெல்லாம் வேற மாடல் சார்," என்றார் மெக்கானிக் தேவசகாயம்.

மேலாளர் என் பக்கம் திரும்பினார். "பசை உங்க பொறுப்புதானே? அப்படியா?"

"ஆமா சார்."

"சரி, இருக்கட்டும்."

அவர் போனதும் அக்கா, "வேற மாடலாம். வாய் கூசலையா உனக்கு?" என்றார்.

"நீங்க பசைன்னீங்களே."

இருவரும் என்னைப் பார்க்காமல் சிரித்தார்கள். அன்று எல்லோருக்கும் டீ நான் வாங்கினேன். வேறு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

அந்தப் பசை, விளக்கொளி பட்டதும் இறுகிவிடும். காத்திருக்கவே வேண்டியதில்லை. அது அந்த லைனில் எல்லோருக்கும் தெரியும்.