கை ஏறாத ஜாக்கெட்

நைட்டியோடு இருந்த அம்மாவை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிலில் கிடத்திவிட்டு ஆண்கள் வெளியே போனார்கள்.

அறைக்குள் நானும் பொன்மணி அக்காவும் மட்டும். கோயில் மாதர் குழுவில் இனி இந்த வேலைக்கு அக்காதான்.

இத்தனை வருடமும் அது அம்மாவின் வேலை. ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து பட்டினப்பாக்கம் வரை, எங்கள் கோயிலைச் சேர்ந்த எந்தப் பெண் இறந்தாலும் குளிப்பாட்டிப் புடவை கட்டிவிட விக்டோரியாம்மாதான் போக வேண்டும். காலைப் பூசைக்குப் போனவள் அப்படியே சாவு வீட்டுக்குப் போய்விடுவாள். எங்கள் வீட்டில் சோறு ஆறிப்போன நாட்களுக்குக் கணக்கில்லை.

சின்ன வயதில் ஒருமுறை நானும் கூடப் போயிருக்கிறேன். இறந்து கிடந்தவளிடம், வளையல் போட்டுவிடுகிறவள் போல, "கைய கொஞ்சம் தளத்தும்மா" என்று அம்மா கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

எனக்கு அழுகை வரவில்லை. நேற்றிலிருந்தே வரவில்லை. வந்தவர்கள் எல்லாரும் அம்மாவைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள்.

சந்தன நிறப் பட்டும் அரக்கு ஜாக்கெட்டும் பீரோவில் மேலாகவே இருந்தன. ஈஸ்டருக்குக் கட்டியது. கடைசியிலும் அதையேதான் கட்டிவிட வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தாள்.

அம்மாவின் கை மடங்கவில்லை.

"கத்திரி எங்க கீது? ஜாக்கெட்ட முதுகுல வெட்டணும். இல்லாங்காட்டி கை ஏறாது" என்றார் பொன்மணி அக்கா.

கத்திரியை எடுத்து வந்தேன். வெட்டத்தான் முடியவில்லை. அக்காவிடம் கொடுக்கவும் மனசு வரவில்லை. அம்மாவுக்குக் கடைசியாகச் செய்வது அவள் ஆசையாகத் தைத்துக்கொண்டதை வெட்டுவதா?

வெளியே சவப்பெட்டியை இறக்கும் சத்தம் கேட்டது.

ஜாக்கெட்டை விரித்துத் திருப்பிப் போட்டேன்.

முதுகில், கழுத்திலிருந்து இடுப்பு வரை, ஏற்கெனவே வெட்டியிருந்தது. நூல் பிரிந்துவிடாமல் இரண்டு ஓரத்தையும் தனித்தனியாக மடித்துக் கையால் தைத்திருந்தது. தையல் கொஞ்சம் கோணல்.

அரக்கு நூல்.

போன மாதம் ஒரு மத்தியானம், கண் சரியாகத் தெரியவில்லை என்று அம்மா ஊசியையும் இந்த நூலையும் என்னிடம் நீட்டினாள். டிவி பார்த்தபடியே கோத்துக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டேன்.

உனக்குத்தான் என்றாள்.