தொட்டியில் விழுந்த மாத்திரை

வைக்கோல் போரில் பாதியை வைக்கோலை மாத்திரைக்கான மாவாக்கும் ஆலைக்காரன் லாரியில் அள்ளிப்போன நாளிலிருந்து மயிலைப் பசுவுக்கு ஒரே எரிச்சல். ஒருநாள் முதலாளி தலைவலிக்கென்று பிரித்த மாத்திரை கைதவறித் தீவனத் தொட்டிக்குள் விழுந்தது. மயிலை அதை மோந்து பார்த்தது.

"ஏய், நீ நம்ம வைக்கோல்தானே?"

"வைக்கோலா? யாரது?" என்றது மாத்திரை. "என்னை அமிலத்தில் வேகவைத்து, வெளுத்து, மாவாக்கி, துளி மருந்தை மடியில் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். மனுஷர் வயிற்றுக்குள் போகிறவன் நான். தள்ளி நில்."

"அங்கே போய்?"

"மருந்தை இறக்கிவிடுவேன். என்னை மட்டும் அந்த வயிற்றால் செரிக்கவே முடியாது, தெரியுமா?"

"அடேயப்பா! அப்புறம்?"

"அப்புறம்..." மாத்திரைக்குச் சுருதி இறங்கியது. "மறுநாள் காலையில் வெளியே வந்துவிடுவேன்."

மயிலை சிரிப்பை அடக்கிக்கொண்டு அசைபோட்டது. "உன் கூடப் பிறந்ததுங்க எங்கிட்டயே இருந்துதுங்க. எல்லாம் என் வயித்துல செரிச்சுப் பாலாப் போச்சு. இன்னிக்கு முதலாளி குடிச்ச காப்பியிலகூட அதுங்கதான்."

அதற்குள் முதலாளியின் விரல்கள் தொட்டிக்குள் துழாவத் தொடங்கின.

"அத்தே, அத்தே," என்று பதறியது மாத்திரை. "சீக்கிரம் நாக்கை நீட்டுங்களேன்!"